லாம்ப்ஸில் மீட்சித்தன்மைக் கணக்கீடு: நீண்ட காலப் பழக்கத்தில் தெரிந்தவை

அணுக்களின் அசைவைக் கணினியில் பாவனை செய்யும், அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வளர்ந்த லாம்ப்ஸ் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். அதில் எனக்கு ஒரே வேலைதான்: படிகத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் கலைத்தால் அதன் விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. நிறுவுவதில் பெரிய தொல்லை இல்லை.

மென்பொருளோடு வரும் ‘எலாஸ்டிக்’ எடுத்துக்காட்டுக் கோப்புறைதான் என் கணக்குகளுக்கு அடிப்படை. அணுக்கள் அடங்கிய கணக்குப் பெட்டியை ஆறு வகைகளில், முன்னும் பின்னுமாக, துளியளவு உருக்குலைத்து, அணுக்களைத் தளரவிட்டு (விசை தணியும் இடத்துக்கு நகரவிட்டு), தகைவு, அதாவது பரப்பலகுக்கான உள்விசை, மாறிய அளவிலிருந்து மீட்சி மாறிலிகளை, அதாவது விறைப்பைக் காட்டும் எண்களைக், கணக்கிடுகிறது. அந்தத் தளரவிடும் படியில்தான் விஷயமே இருக்கிறது. அணுக்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் ஸ்டில்லிங்கர்-வெபர் மாதிரியில் சிலிக்கானின் சறுக்குப்பெயர்ச்சி மாறிலி சி44, அணுக்களைத் தளரவிட்டால் 56.4 கிகாபாஸ்கல், பெட்டியோடு சேர்த்து அப்படியே இழுத்தால் சுமார் 110. ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் இரண்டு அணுவரிசைகள் தங்களுக்குள் மெல்ல விலகிக்கொள்வதாலேயே பாதி விறைப்பு போய்விடுகிறது!

சோதனையில் கிடைத்த அளவோ சுமார் 80. இதற்கு லாம்ப்ஸைக் குறை சொல்ல முடியாது. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். நாம் கொடுக்கும் அணுவிடை விசை மாதிரியின் குணமே விடையிலும் தெரியும்.

எடுத்துக்காட்டில் உள்ள பத்து லட்சத்தில் ஒரு பங்கு திரிபு (உருக்குலைப்பின் அளவு), குறையில்லாத படிகத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. உள்ளே ஒரு வெற்றிடத்தை, அதாவது அணு இல்லாத காலி இடத்தை, வைத்துவிட்டால், அணுக்களைத் தளரவிடும் ஆற்றல் சிறுமமாக்கலை இன்னும் இறுக்கமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச விசைகளின் இரைச்சலில் தகைவு மாற்றம் மூழ்கிப்போகும். கனசதுரப் படிகத்தில் சமமாக வர வேண்டிய, மூன்று அச்சுத் திசைகளின் விறைப்பான சி11, சி22, சி33 மூன்றும் ஆளுக்கொரு திசையில் இழுத்தால், அந்தக் கணக்கு ஓட்டத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடுகிறேன்.

பெட்டியின் அளவும் அப்படித்தான். 500 அணுக்கள் கொண்ட தாமிரப் பெட்டியில் ஓர் அணுவை எடுத்தால், எல்லை மீள்வரு முறையில் (அதே பெட்டி எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வரும்படி) இருப்பதால், 500 இடங்களுக்கு ஒரு வெற்றிடம் என்ற வரிசை முடிவில்லாமல் நீள்கிறது. உண்மையான தாமிரத்தில் உருகுநிலைக்கு அருகில்கூடப் பத்தாயிரம் இடங்களுக்குச் சில வெற்றிடங்களே சமநிலையில் இருக்கும். எனவே ஒரே பெட்டியின் எண்ணை நான் நம்புவதில்லை. பெட்டியைப் படிப்படியாகப் பெருக்கி, விறைப்பை வெற்றிடச் செறிவுக்கு எதிராக வரைந்து, அந்தக் கோட்டின் சாய்வை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.