துபாய், சவுதி, சிங்கப்பூர்: நம் கரையிலிருந்து போகிறவர்கள் எந்த வங்கியில் கணக்கு வைக்கலாம்?

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரக் கரையில் சபுராளி (பிழைக்க வெளிநாடு போனவர்) இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அலைகிற அலைச்சலில் பாதியைக்கூட, அங்கே போய்த் திறக்கப்போகும் வங்கிக் கணக்குக்காக யாரும் அலைவதில்லை. கம்பெனியின் விசா, அரசு வேலைகளைப் பார்க்கிற பிஆர்ஓ நீட்டுகிற படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு அது முடிந்துவிடுகிறது. சம்பளம் வாங்க அந்தக் கணக்கு போதும்தான். ஆனால் ஒரு வங்கியின் குணம் வேலை போகும்போதும் விசா ரத்தாகும்போதும்தான் வெளியே வரும். கணக்கை எத்தனை நாளில் திறக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, நாம் கிளம்பும்போது பணத்தை எப்படி விடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. இந்த மதிப்பீடு முழுக்க அந்தக் கண்ணோடு எழுதப்பட்டது.

முதலில் அமீரகம். அங்கே 2009 முதல் டபிள்யூபிஎஸ் எனும் சம்பளப் பாதுகாப்பு முறை இருக்கிறது. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரலாம், அல்லது சம்பள அட்டைக்கு வரலாம். 1,000, 1,500 திர்ஹம் சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் சி3பே, ஃபர்ஸ்ட் அபுதாபி வங்கியின் ராத்திபி போன்ற அட்டைதான் கிடைக்கும். இது வங்கிக் கணக்கு இல்லையே என்று பலர் குறைபடுகிறார்கள். அந்தச் சம்பளத்துக்கு அட்டையே மேல் என்பது என் தீர்ப்பு. காரணம் மினிமம் பேலன்ஸ். அமீரக வங்கிகளின் சாதாரணக் கணக்கில் மாத சராசரி 3,000 திர்ஹம் இருக்க வேண்டும், குறைந்தால் மாதம் 25 திர்ஹம் பிடிப்பது பரவலான வழக்கம். வருஷத்துக்கு 300 திர்ஹம். 1,500 வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பியது போக 3,000 எப்படி வைத்திருப்பார்?

சம்பளம் 5,000 திர்ஹமுக்கு மேல் என்றால் கணக்கு எளிதாகக் கிடைக்கும். 3,000-க்கும் 5,000-க்கும் இடையில் இருக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். லிவ், மஷ்ரெக் நியோ, வியோ போன்ற செயலிவழிக் கணக்குகளில் எமிரேட்ஸ் ஐடியும் போனும் இருந்தால் கிளைக்குப் போகாமலே திறக்கலாம். இருப்புக் கட்டாயம் இல்லை என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். சம்பளம் அதே கணக்குக்கு வந்தால்தான் கட்டணம் இல்லை என்ற வகை நிபந்தனைகள் உள்ளே இருக்கும், அவை மாறிக்கொண்டும் இருக்கும். 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாள் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை. அதில் மாதக் கட்டணம், கணக்கை மூடும் கட்டணம் என்ற இரண்டு வரிகளையாவது படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வட்டி வேண்டாம் என்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கு 1975-ல் தொடங்கிய துபாய் இஸ்லாமிய வங்கி, அபுதாபி இஸ்லாமிய வங்கி, எமிரேட்ஸ் இஸ்லாமிக் ஆகியவை இருக்கின்றன. அங்கே கவனிக்க வேண்டியது கணக்கின் வகை. சேமிப்புக் கணக்கு முளாரபா (லாபத்தைப் பங்கிடும் ஒப்பந்தம்) அடிப்படையில் லாபப் பங்கு தரும், கரன்ட் கணக்கில் எதுவும் சேராது. எது வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இஸ்லாமிய வங்கி என்பதால் கட்டணமோ கடன் விதியோ இளகி இருக்காது. அபராதம், செக் எல்லாம் மற்ற வங்கிகளைப் போலத்தான்.

இனி பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறு இல்லை. இங்கே பாஸ்புக்கில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சேர்ந்திருக்கும், எமிரேட்ஸ் ஐடியில் அது இன்னும் நீண்டிருக்கும். 'முகமது' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். அங்கிருந்து சொந்தக் கணக்குக்கு அனுப்பும்போது அனுப்புகிறவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இங்குள்ள வங்கி பணத்தை நிறுத்தி விளக்கம் கேட்கும், அல்லது திருப்பிவிடும். திரும்பி வருகிற பணம் அந்த நாளின் விலையில் மறுபடி திர்ஹமாக மாறி, இரண்டு பக்கமும் கட்டணம் போய்த்தான் கைக்கு வரும். இதற்கு ஒரே மருந்து, ஊரில் திறக்கிற என்ஆர்ஈ கணக்கை, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான கணக்கை, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் எழுத்துக்கு எழுத்து அப்படியே திறப்பது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா தருவதை அமீரகம் 2022 நவம்பரில் நிறுத்தியது.

எண்களிலும் தவறு நடக்கும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். 'ஓ' என்ற எழுத்தைத் தட்டினால் பணம் போகாது. ஸ்டேட் வங்கிக் கணக்கு எண் 11 இலக்கம், ஐஓபி 15 இலக்கம். வீட்டம்மாவின் கணக்கு முன்பு பாண்டியன் கிராம வங்கியில் இருந்திருந்தால் அது 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. லட்சுமி விலாஸ் 2020-ல் டிபிஎஸ் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண் சொல்லாதீர்கள், புதிதாகப் பதிந்து வாங்கிய முதல் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அங்குள்ள கணக்குக்குக் கொடுக்க வேண்டியது ஐபான், அதாவது சர்வதேசக் கணக்கு எண். அமீரகத்துக்கு 23, சவுதிக்கு 24, கத்தாருக்கு 29, குவைத்துக்கு 30 எழுத்து. எண்ணிப் பார்த்துக் கொடுங்கள்.

சவுதி வேறு மாதிரி. அங்கே எல்லாம் இக்காமா எனும் குடியிருப்பு அனுமதியில் தொங்குகிறது. அல் ராஜ்ஹி, எஸ்என்பி (சவுதி நேஷனல் வங்கி), அல் பிலாத் எதுவாக இருந்தாலும் இக்காமா, அரசின் இணையச் சேவையான அப்ஷிரில் கணக்கு, உங்கள் இக்காமாவிலேயே பதிவான மொபைல் எண் மூன்றும் வேண்டும். அறைத்தோழர் பெயரில் வாங்கிய சிம்மில் கணக்கு திறக்காது. இக்காமா காலாவதியானால் கணக்கு முடங்கும், கஃபீல் (விசா தந்த முதலாளி) புதுப்பிக்கத் தாமதித்தாலும் அடி நமக்குத்தான். ஆகவே சவுதியில் கணக்கில் பணத்தைத் தேக்காதீர்கள், மாதாமாதம் அனுப்பிவிடுங்கள். அனுப்ப அல் ராஜ்ஹியின் தஹ்வீல், அல் பிலாத்தின் இன்ஜாஸ், எஸ்என்பியின் குவிக்பே இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அல் ராஜ்ஹி வசதி, ஏனெனில் சிறு ஊர்களிலும் ஏடிஎம் இருக்கிறது. ஆனால் அனுப்பும் விலையை மூன்றிலும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலை என்றால், 'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். கட்டணத்தை விட்டுவிட்டு விலையில் எடுத்துக்கொள்வார்கள். 1,500 திர்ஹம் அனுப்பும்போது திர்ஹமுக்கு 15 காசு குறைந்தால் 225 ரூபாய் போச்சு. திர்ஹம் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, ரியால் 3.75. அன்றைய டாலர் விலையை இதால் வகுத்தால் உண்மையான விலை தெரியும். அதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதோடு கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு. வேகத்துக்கு எமிரேட்ஸ் என்பிடியின் டைரக்ட்ரெமிட் நல்லது, பெரும்பாலும் நிமிஷக் கணக்கில் சேரும். விலைக்கு எக்ஸ்சேஞ்ச் கடைகளையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிங்கப்பூரில் இவ்வளவு குழப்பம் இல்லை. டிபிஎஸ்ஸோடு 1998-ல் சேர்ந்த பிஓஎஸ்பி (POSB) வங்கி, ஒர்க் பெர்மிட்காரர்களுக்குப் பழகிய இடம். சாதாரண சேமிப்புக் கணக்கில் மாத சராசரி 500 வெள்ளிக்குக் கீழ் போனால் 2 வெள்ளி பிடிப்பார்கள். டெபாசிட் காப்பீடு 2024 ஏப்ரலிலிருந்து 1 லட்சம் வெள்ளி வரை. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்கள். டிபிஎஸ் கணக்கிலிருந்து வீட்டாரின் யுபிஐ ஐடிக்கு நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை நேரே அனுப்பலாம். ஐஓபியும் இந்தியன் வங்கியும் தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கின்றன, நம் மாவட்டத்துக்கு இது பெரிய வசதி. மலேசியாவில் முதலாளியின் கடிதமும் பெர்மிட் ஒட்டிய பாஸ்போர்ட்டும் இல்லாமல் கணக்கு கிடைப்பது கஷ்டம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும்.

பஹ்ரைன், சவுதி, கத்தார் படகுகளுக்குப் போகும் மீனவர்களுக்கு இந்த மதிப்பீடு பாதிதான் பொருந்தும். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, பிடிக்கிற மீனில் பங்குதான். சீட்டு இல்லாமல் வங்கி கணக்கு தராது, எக்ஸ்சேஞ்ச் கடைதான் கதி. ஒவ்வொரு முறை அனுப்பிய ரசீதையும் படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பங்கு தராமல் முதலாளி இழுத்தடித்தால், இத்தனை நாள் எவ்வளவு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஈரானிலிருந்து தடைகளால் சாதாரண வங்கி வழி கிட்டத்தட்ட இல்லை. அங்கே போகிறவர்கள் வீட்டுக்குப் பணம் எப்படி வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பவே கூடாது.

ஊர்ப் பக்கக் கணக்கு சரியாக இல்லாமல் அங்கே எந்த வங்கி வைத்தும் பயனில்லை. வேலைக்காக வெளிநாடு போனால் போன நாளிலிருந்தே ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்ஆர்ஐ. பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, என்ஆர்ஓவாக (இந்தியாவில் வரும் வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்கு) மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வரும் பணத்துக்கு என்ஆர்ஈ. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ வட்டியில் 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். என்ஆர்ஈ ஃபிக்சட் டெபாசிட்டை ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. வட்டி வேண்டாதவர்கள் என்ஆர்ஈயைக் கரன்ட் கணக்காகத் திறக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. இருப்பு அதிகம் கேட்பார்கள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கீழக்கரை, ராமநாதபுரம் கிளைகளுக்கு என்ஆர்ஈ பழகிய வேலை. சின்னக் கிளைகளில் படிவம் தெரிந்தவர் லீவில் இருந்தால் காத்திருக்க வேண்டும், லீவில் வருகிறவருக்கு அது பெரிய இழப்பு. பாஸ்போர்ட், விசா பக்கம், எமிரேட்ஸ் ஐடி அல்லது இக்காமா நகல், பான், போட்டோ இவற்றோடு வந்து நேரில் திறந்துவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்தே திறந்தால் தூதரகத்திலோ நோட்டரியிடமோ ஒவ்வொரு நகலுக்கும் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டியிருக்கும். மனைவியையோ அப்பாவையோ 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' (நீங்கள் இருக்கும்வரை கணக்கு உங்களுடையது, பிறகு அவருடையது) முறையில் சேர்க்கலாம், மேண்டேட் எனும் அனுமதிக் கடிதம் கொடுத்தால் உள்ளூர்ச் செலவுக்கு எடுப்பார்கள். நாமினி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இரண்டு வருஷம் எந்தப் பரிவர்த்தனையும் நீங்கள் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். இந்திய சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அணைந்துபோகலாம், அப்புறம் ஓடிபி வராது. சிறு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், அல்லது அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எண்ணையே என்ஆர்ஈயில் பதிந்து யுபிஐ எடுங்கள்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விலை கூடுதல், வீட்டுக்கே வந்து தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம். நாளை வீடு வாங்கும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இப்போது உண்டியல்காரர்கள் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் வீட்டுக் கணக்குக்குப் போடுகிறார்கள். அந்தப் பணம் மோசடியில் வந்தது என்று வேறொரு மாநிலத்தில் புகார் பதிந்தால் உங்கள் மனைவியின் கணக்கு முடங்கும், அதைத் திறக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கடைசியாகக் கடன், கிளம்புதல். அமீரகத்தில் தனிநபர் கடன் சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை, 48 மாதத்தில் கட்ட வேண்டும், மொத்தத் தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 4,000 திர்ஹம்காரருக்கு 80,000 வரை கொடுப்பார்கள் என்று அர்த்தம். தங்கச்சி கல்யாணத்துக்கும் வீட்டு மேல்தளத்துக்கும் இதை எடுத்தவர்கள் வேலை போனால் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை), அதாவது முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாளும், கணக்குக்கு வந்தவுடன் கடன் பாக்கிக்காக முழுவதும் பிடித்து வைக்கப்படலாம். கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பியதற்குச் சிறை என்பது 2022 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அந்தச் செக்கைக் கொண்டு வங்கி நேராக நிறைவேற்று நீதிமன்றம் போகலாம், பயணத் தடையும் வரலாம்.

கடன் இல்லாதவர்களும் வரிசையை மாற்றக் கூடாது. கிரெடிட் கார்டு இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ரத்து செய்யுங்கள், பாக்கி இல்லை என்கிற கிளியரன்ஸ் கடிதத்துக்குச் சுமார் 45 நாள் ஆகும். கிராஜுவிட்டி வந்து சேர்ந்ததும் என்ஆர்ஈக்கு அனுப்புங்கள், சேர்ந்துவிட்டதா என்று ஊரில் பாருங்கள். பிறகு கணக்கை மூடிக் கடிதம் வாங்குங்கள். அதற்கப்புறம்தான் விசா ரத்து, சிம் ரத்து. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் அமீரகத்தில் சனதக் என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, புகார் கொடுக்கக் காசு வேண்டாம். மூடிய கடிதத்தின் மூலத்தை கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.