லாஸ்ட் வீக் டுநைட்: ஒரு கோழிப்பண்ணைக்காரனின் நீண்ட நாள் அனுபவம்

ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவையாளர் நடப்பு விஷயங்களை நையாண்டியோடு அலசும் இந்த வாராந்திர நிகழ்ச்சி, எச்.பி.ஓ. என்ற அமெரிக்கச் சேனலில் 2014 ஏப்ரலில் தொடங்கியது. நான் உள்ளே வந்தது கோழி வழியாக. 2015 மே மாதம் அமெரிக்கக் கறிக்கோழி ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு பகுதி வந்தது. பொங்கலூர்ப் பக்கம் எங்களுக்கும் பண்ணை இருக்கிறது என்பதால் நண்பர் ஒருவர் யூடியூப் இணைப்பை அனுப்பி வைத்தார்.

பல்லடம், பொங்கலூர், உடுமலை வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டைத் தெரியாதவர் இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், ஆள்கூலி நம்முடையது. பேட்ச் முடிந்து கோழி எடை போட்டதும் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி வரும். தீவனம் அதிகம் தின்றிருந்தாலோ, கோழி செத்திருந்தாலோ அதில் பிடித்தம். அமெரிக்காவிலும் இதேதான், அதோடு இன்னொன்றும் உண்டு. ஒரே சமயத்தில் கோழி கொடுத்தவர்களை வரிசைப்படுத்தி, சராசரிக்குக் கீழே போனவரின் பணத்தைக் குறைக்கிறார்கள். வாய் திறந்து கேட்டால் அடுத்த முறை நோஞ்சான் குஞ்சு வருமோ என்று பயந்து வாழும் விவசாயிகள் அதில் பேசினார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நிறுத்தி நிறுத்தி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அங்கயும் கடன் நம்ம பேர்ல, கோழி அவங்க பேர்லயா கண்ணு?" என்றார். தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியை அப்பா அவ்வளவு கவனமாகப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

இந்த நிகழ்ச்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது. முதலில் அந்த வாரச் செய்திகளைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, பிறகு ஆலிவர் ஒரே விஷயத்தில் இருபது நிமிடம் வரை நின்றுவிடுகிறார். ஜாமீன், அபராதம், காப்பீடு என்று கேட்டாலே கொட்டாவி வரும் விஷயங்கள்தான். ஆனால் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார், பணம் யாருக்குப் போகிறது என்று கடைசி வரை விடாமல் போவார். சிரிப்பு வரும், சிரித்து முடிக்கும்போது கணக்கும் புரிந்திருக்கும். 2016 ஜூனில் வந்த மருத்துவக் கடன் பகுதிதான் இன்றும் எனக்கு முதலிடம். வராக்கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஏழைகளை விரட்டி வசூலிக்கும் நிறுவனங்களைப் பற்றியது. அதை விளக்கியதோடு விடவில்லை. நிகழ்ச்சியின் சார்பிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, ஏறக்குறைய 1.5 கோடி டாலர் கடனை வெறும் 60,000 டாலருக்கு வாங்கி, சுமார் 9,000 பேருக்குத் தள்ளுபடி செய்தார்கள். எவ்வளவு மலிவாகக் கைமாறுகிறது என்பதை இதைவிட எப்படிக் காட்ட முடியும்?

நம் சேனல்களில் இது ஏன் வரவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்ற மேடையில் ஒரே வரியில் ஆளைச் சாய்ப்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் டிவியில் அரசியல் நையாண்டி என்றால் பெரும்பாலும் தலைவர்களின் குரலில் பேசிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. எச்.பி.ஓ. சந்தாவில் ஓடுவது, நடுவில் விளம்பரம் கிடையாது. அதனால் எந்தக் கம்பெனியையும் பேர் சொல்லிக் கேட்க முடிகிறது. இங்கே கட்சிக்கொரு சேனல், மற்றதெல்லாம் விளம்பரத்தை நம்பி. வளர்ப்புக் கூலிப் போராட்டம் ஒரு நிமிடச் செய்தியாக வந்து போய்விடுகிறது. அந்த ஒப்பந்தத் தாளை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டி ஒரு நிகழ்ச்சி வந்தால், எங்கள் ஊரே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கும்.

குறைகளும் உண்டு. கெட்ட வார்த்தை சகஜம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தமாக வைக்க முடியாது. அமெரிக்க விளம்பரங்களையும் நடிகர்களையும் வைத்து வரும் ஜோக்குகளில் பாதி நமக்குப் பிடிபடாது. எதிர்த் தரப்பை எதிரில் உட்கார வைத்துப் பேசுவது அரிது, எல்லாம் துண்டுக் காட்சிகள்தான். அந்த இடத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கொரோனா காலத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆளில்லாமல் பேசியவை மட்டும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன.

பார்ப்பதில் ஒரு தொல்லை, இங்கே கிடைக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 2020 பிப்ரவரியில் பிரதமர் மோடியைப் பற்றி வந்த பகுதி, இந்தியாவில் இந்த நிகழ்ச்சியை வைத்திருந்த தளத்தில் வரவே இல்லை. யூடியூப்பில்தான் பார்க்க முடிந்தது. 2023இல் எச்.பி.ஓ. நிகழ்ச்சிகள் வேறு தளத்துக்குப் போயின. எனக்கு யூடியூப்பே போதும், முக்கியப் பகுதி இலவசமாகவே வந்துவிடுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் கோழியில் தொடங்கி மருத்துவக் கடனுக்குப் போகலாம். ஆலிவர் பிரிட்டிஷ்காரர், மூச்சு விடாமல் பேசுவார். ஆங்கில எழுத்தை ஓடவிட்டு, வேகத்தை முக்காலாகக் குறைத்து வைத்துக்கொண்டால் வரிக்கு வரி புரியும்.