“உடம்பில பீஸ் ஏதும் இருக்கா?”

இந்த முறை இலங்கையின் வடக்கில் உள்ள விசுவமடுவுக்குப் போனது ஊர்த் திருவிழாவுக்கு. லீவில் பாதி ஆஸ்பத்திரிகளில் போய்விட்டது.

பெரியப்பாவுக்கு மாசியில் மூளையில் இரத்தம் கசிந்தது. சீ.ரீ. ஸ்கான், வாட்டு, மருந்து எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ரொறன்ரோவில் எமர்ஜென்சியில் எட்டு மணித்தியாலம் காத்திருந்த எனக்கு அதில் குறை சொல்ல வாய் வராது.

திரும்பவும் கசியுமா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த பயம். சீ.ரீ. புது இரத்தத்தைக் காட்டும். எப்போதோ சத்தமில்லாமல் கசிந்து இரும்புக் கறையாகத் தங்கிவிட்ட சின்னப் புள்ளிகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், அதிலும் இரத்தக் கறைக்கென்று உள்ள தனிப்படம் வேண்டும். புள்ளிகள் மூளையின் வெளி ஓரத்தில் மட்டும் இருந்து, மேற்பரப்பிலும் கறை படிந்திருந்தால், வயதானவர்களின் இரத்தக்குழாயில் அமிலாய்ட் என்ற புரதம் படிகிற வருத்தமாக இருக்கலாம். அந்த வகையில் ஒருமுறை கசிந்தவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஏழு பேரளவில் மறுபடி கசியும். மற்ற வகைகளில் ஒருவர் அளவில்தான். ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் பிறஷர் செய்த வேலை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் காசு கட்டினோம். துண்டுச்சீட்டில் அந்தத் தனிப்படத்தை யாரும் எழுதவில்லை. நான் கேட்டிராவிட்டால் அது இல்லாமலே அனுப்பியிருப்பார்கள். அது எனக்குக் கோபம்தான்.

படம் எடுக்கிற தம்பி கேட்ட முதல் கேள்வி: “ஐயா, உடம்பில செல் பீஸ் ஏதும் இருக்கா?” போரில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டைத்தான் கேட்டார். கனடாவில் பேஸ்மேக்கர் இருக்கா என்றுதான் தொடங்குவார்கள்.

“கெண்டைக்கால்ல ஒண்டு. 2009இல வாங்கினது.”

“கண்ணுக்குள்ள, தலையில?”

“இல்லைத் தம்பி.”

காந்தம் இரும்பை இழுக்கும். கண்ணிலோ பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து, வைத்தியர் பார்த்து, சரி என்று சொல்ல அரை நாள் போனது. அந்த அரை நாளில் எனக்குக் கோபமில்லை.

நாலு புள்ளிகள், நாலும் ஆழத்தில். மேற்பரப்பில் கறை இல்லை. கிளினிக் வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது பிறஷர் வகை போலத்தான் இருக்கு. எப்ப வரும் எண்டு படம் நாள் குறிச்சுத் தராது ஐயா. மேல் கணக்கை 130க்குக் கீழ வைச்சிருங்கோ. குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?”

பெரியப்பா தலையாட்டினார். பெரியம்மா பேசாமல் பையைத் திறந்து, போன மாதக் குளிசையில் மிச்சமிருந்த இரண்டு அட்டைகளை மேசையில் வைத்தார்.

“தலையிடிக்கிற நாளில மட்டும்தான் போடுறவர், டொக்டர்.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “இதைக் கேக்கவோ யாழ்ப்பாணம் மட்டும் போனனாங்கள்?”