எக்சிகியூட்டிவ் எம்பிஏ சேரப் போகிறீர்களா? ரசீதில் ஜி.எஸ்.டி. இருக்கிறதா என்று பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மேனேஜர் பதவிக்கு எம்பிஏ கேட்டார்கள். வேலையை விட்டுப் படிக்க வசதியில்லை. அதனால் சென்னையில் வார இறுதி எக்சிகியூட்டிவ் எம்பிஏ நடத்தும் ஒரு நிறுவனத்தில் 2024 ஜனவரியில் சேர்ந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

பட்டம் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் என்றார் கவுன்சிலர். யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன். "சார், ஐ.ஐ.எம்.லயே ரொம்ப வருஷம் டிப்ளமோதான் குடுத்தாங்க. யாராவது வேணாம்னாங்களா?" என்றார். 2017-இல் தனிச் சட்டம் வரும்வரை ஐ.ஐ.எம்.கள் பட்டம் கொடுக்க முடியாமல்தான் இருந்தன. அந்த ஒரு உண்மையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

கட்டணம் 2,40,000 ரூபாய், வரி தனி. வட்டியில்லாத் தவணை என்று டேப்லெட்டை நீட்டினார்கள். வந்த ஓ.டி.பி.யையெல்லாம் சொன்னேன். அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் போட்ட கடன் என்பது, வங்கியில் 11,800 ரூபாய் பிடித்த அன்றுதான் புரிந்தது.

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நிதி மேலாண்மை எடுத்தார், அருமையான மனிதர். அவருக்குச் சம்பளம் வரவில்லை, நின்றுவிட்டார். அடுத்து வந்த இளைஞர் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார். நான் தினமும் ஷாப் ஃப்ளோரில் கையில் பிடிக்கிற கன்பான் அட்டையை (எந்த உதிரிபாகம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் அட்டை) அவர் ஏதோ சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் போய் பழைய வீடியோ லிங்க் மட்டும் வந்தது. 62 பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அனுப்பினேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கு 'ஏ' கிரேடு வந்துவிட்டது. மூன்று மாதம் தூக்கம் கெட்டு எழுதியதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணத்தைவிட எனக்கு அதுதான் வலித்தது.

சான்றிதழை எச்.ஆர். மேடத்திடம் கொடுத்தபோது, கட்டண ரசீதையும் கேட்டார். 'ஜி.எஸ்.டி. 18% – 43,200' என்ற வரியில் விரலை வைத்து, "சார், இது டிகிரி இல்ல" என்றார். நம் நாட்டுச் சட்டம் அங்கீகரிக்கும் பட்டப்படிப்பின் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி வாங்கும்போதே அது அப்படிப்பட்ட படிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த ரசீது முதல் நாளிலிருந்தே என் ஃபைலில் இருந்தது.

வரி போடாமல் ஏமாற்றுகிறவர்களும் இருக்கலாம். அதனால் சேரும் முன்பே, தொலைநிலை, ஆன்லைன் படிப்பு என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பி.ஜி.டி.எம். (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) என்றால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் பட்டியலைப் பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரில் இங்குள்ள நிறுவனங்கள் அனுமதியில்லாமல் விற்கும் பட்டங்கள் செல்லாது என்று யு.ஜி.சி. 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. நான் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம்.

கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். படிப்பு மோசம் என்பது கடன் கொடுத்தவனுக்குக் கணக்கில்லை, சிபில் ஸ்கோர்தான் விழும். என் பேட்ச் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் வீட்டுக்கடன் நின்றுபோனது. படிப்பு பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. கடன் பற்றி முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448.

அந்த ஜனவரி பேட்சில் என்னோடு உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால், ரசீதையும் சேர்க்கைக்கு முன் கவுன்சிலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். புகாருக்காக இதுவரை நாங்கள் ஆறு பேர் ஒன்றுசேர்ந்திருக்கிறோம்.