கருங்கல் குவாரியில் மழைநீர்: வண்டல் குளமா, துணி வேலியா?

கொழும்பிலிருந்து ஹங்வெல்லைப் பக்கமுள்ள குவாரிகளுக்குப் போய்வருபவர்கள், மே மாதத் தென்மேல் பருவமழை தொடங்குமுன் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்: மழைநீரோடு சேறு ஓடைக்குள் போகாமல் தடுக்க, நீரைத் தேக்கி மண்ணைப் படியவிடும் வண்டல் குளம் வெட்டுவதா, நீரைக் கசியவிட்டு மண்ணை மறிக்கும் துணி வேலி கட்டுவதா?

செலவு: துணி வேலிக்குத் துணியும் மரக்கட்டைகளும் போதும், குளத்துக்கு நிலமும் பெக்கோ இயந்திரமும் வேண்டும்.

ஆயுள்: வேலி ஒரு பருவத்துக்கே தாங்கும், குளம், தூர்வாரினால், குவாரி மூடும்வரை நிற்கும்.

பராமரிப்பு: வேலியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும். துணியின் அடிவிளிம்பை சுமார் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைக்காவிட்டால், நீர் அடியால் அரித்துக்கொண்டு போய்விடும். நான் பார்த்த பழுதடைந்த வேலிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வீணாயின.

வடிகட்டல்: மணல் இரண்டிலும் நின்றுவிடும். ஆனால் 2 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) களித்துகள் அசையாத நீரில் ஒரு மீற்றர் இறங்கவே சுமார் 3 நாட்கள் எடுப்பதால், குளத்திலும் கலங்கல் முழுதாகத் தெளியாது. துகள்களை ஒன்றுசேர்த்துப் படியவைக்கும் படிகாரம் போன்ற திரட்டி தேவைப்படும்.

களனி கங்கைக்கு வடியும் ஓடையருகே, பல ஏக்கர் நிலத்தின் மழைநீரைச் சேர்க்கும் குவாரிக்குக் குளமே பொருந்தும். மேல்மண் குவியலின் அடிவாரத்துக்கு வேலி போதும், ஆனால் ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே அதை ஒருபோதும் கட்டக்கூடாது.