அந்த வாரண்டி ஸ்டிக்கருக்குப் பயந்து மூன்று வருடம் திறக்கவே இல்லை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரைப் போடவில்லை. என்னிடம் ஒழுங்கான பில் இல்லை, அந்தக் கதையும் கீழே வருகிறது.

2021 அக்டோபர். வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் பண்ண ஒரு டெஸ்க்டாப் தேவைப்பட்டது. கையில் இருந்தது 35,000 ரூபாய். இப்போதைக்கு இன்டெலின் ஐ3-10100 பிராசசர் போதும், காசு சேர்ந்ததும் ஐ5-11400 வாங்கி மாட்டிக்கொண்டு கூடவே ஒரு கிராபிக்ஸ் கார்டும் போடலாம் என்பது என் கணக்கு. இரண்டு பிராசசருக்கும் போர்டில் உட்காரும் இடமான சாக்கெட் ஒன்றேதான், எல்ஜிஏ1200. ஆனால் சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. எச்410 சிப்செட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலானவை 11400 போன்ற 11-ம் தலைமுறை பிராசசரை ஏற்காது. அதனால்தான் கூடுதல் பணம் கொடுத்து, அதை ஏற்கும் எச்510 போர்டு கேட்டேன்.

"தாராளமா சார், எப்ப வேணாலும் ஏத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். கொட்டேஷனிலும் எச்510 என்றுதான் எழுதினார்.

பணம் கட்டும்போது "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி வரும், வேணுமா சார்?" என்று கேட்டார். எனக்கும் காசு மிச்சம் பிடிக்க ஆசை, வேண்டாம் என்றேன். கொட்டேஷன் தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். "போர்டு 1, ராம் 4+4, எஸ்எம்பிஎஸ் 450." எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. சீட்டில் மாடல், சீரியல் நம்பர் எதுவும் இல்லை. கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூ மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது: கிழிந்தால் வாரண்டி கிடையாது.

2024-ல் பழைய ஐ5-11400 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ஸ்டிக்கரைக் கிழித்து, சிப்பை மாட்டி, பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. ராமைக் கழற்றி மாட்டினேன், பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் போர்டின் மேலேயே வெள்ளை எழுத்தில் எச்410 என்று அச்சடித்திருந்தது. மூன்று வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. போர்டில் இரண்டே ராம் ஸ்லாட். இரண்டிலும் 4 ஜிபி போட்டு அடைத்திருந்ததால் 16 ஆக்க வேண்டுமென்றால் பழையதைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு சேர்ந்து வரும் ரகம், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரே அதில் இல்லை.

கடைக்குப் போனேன். "அப்ப ஸ்டாக் இல்ல சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சீட்டை நீட்டினேன். "இதுல எச்510-னு எங்க சார் இருக்கு?" எனக்குப் பேச வாய் இல்லை.

அப்கிரேடுக்காக அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 750 வாட் எஸ்எம்பிஎஸ், நாலு ஸ்லாட் போர்டு என்று வாங்கிய நண்பர் ஐந்து வருடமாக ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. இன்டெல் சாக்கெட் அடிக்கடி மாறும். எல்ஜிஏ1200-க்கு 10, 11 என்று இரண்டே தலைமுறைதான். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் அதைவிட எவ்வளவோ காலம் ஓடியது. அதனால் பின்னால் எந்த சிப், எந்த கார்டு போடப் போகிறோம் என்று இப்போதே பேர் சொல்ல முடிந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பணத்தை வேகமான ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில் போடுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொல்லி, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். போர்டு மாடல் வந்துவிடும், அரை நிமிட வேலை. ஜிஎஸ்டி பில்லில் அதே மாடலும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் அந்த 11400-ஐ நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, எச்410 ஏற்கும் பழைய ஐ5-10400 ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை. முதலில் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும்.