இரவில் இறங்கும் கார் பேட்டரி: ஃப்யூஸைப் பிடுங்கித் தேடுவதா, பிடுங்காமல் அளப்பதா?

சாயங்காலம் ஒழுங்காக ஓடிய கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், மீட்டரைத் தொடும் முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். அரை ஆம்பியர் கசிந்தால் 12 மணி நேரத்தில் போவது 6 ஆம்பியர்-மணிதான். நல்ல 45 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்கிவிடும். ஒரே இரவில் படுத்துவிடுகிறது என்றால் இரண்டு மூன்று ஆம்பியர் எங்கோ ஓட வேண்டும், அல்லது பேட்டரியே தேய்ந்திருக்க வேண்டும். முழுக்க சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்காமல் 12.2-க்கு வந்திருந்தால் வயரிங்கைத் தேடவே வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி தேறிவிட்டால் கசிவைப் பிடிக்க மூன்று வழிகள். நெகட்டிவ் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. ஃப்யூஸைத் தொடாமல் அதன் இரு முனைகளுக்கு இடையே மில்லி வோல்ட் பார்ப்பது இரண்டாவது. டிசி கிளாம்ப் மீட்டரால் கேபிளைக் கவ்வுவது மூன்றாவது. என் ஓட்டு இரண்டாவதற்கு. கார் 'தூங்குவது' என்ற ஒரே விஷயத்துக்காக.

பூட்டிய பிறகு இன்றைய காரின் கன்ட்ரோல் யூனிட்கள் (கதவு, லைட், இன்ஜின் போன்றவற்றை இயக்கும் சிறு கணினிகள்) உடனே அடங்குவதில்லை. 20 நிமிடம், சிலவற்றில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் பெரும்பாலான கார்களில் பிரச்சினை இல்லை. இந்த நிலையில் ஒரு ஃப்யூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால், அந்த லைனில் உள்ள யூனிட் விழித்து மற்றவற்றையும் எழுப்பிவிடும். மறுபடி 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஃப்யூஸுக்கு நான்கு மணி நேரம். அதைவிட மோசம், ஒட்டிக்கொண்ட ரிலேயோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தூங்க மறுக்கும் யூனிட்டோ சப்ளை ஒரு முறை அறுந்ததும் ரீசெட் ஆகி, தேடிவந்த கோளாறே அன்றைக்கு மறைந்துபோகும். பேட்டரி கேபிளைக் கழற்றும்போதும் இதே கதிதான். கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே ஜம்பர் வயர் கொடுத்துவிட்டுக் கழற்றினால் அதைத் தவிர்க்கலாம், ஆனால் ஃப்யூஸைப் பிடுங்கும் சிக்கல் அப்படியே இருக்கும். நடுவில் யாராவது இக்னிஷனைப் போட்டால் மீட்டரின் 10 ஆம்பியர் ஃப்யூஸும் போய்விடும்.

மில்லி வோல்ட் முறையில் எதையும் அறுப்பதில்லை. போனட்டைத் திறந்து, அதன் லாட்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். உள் ஃப்யூஸ் பாக்ஸுக்காகத் திறக்கும் கதவின் லாட்சுக்கும் அப்படியே. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியை முதலிலேயே கழற்றிவிடுங்கள். ரிமோட் சாவி பல மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) எது செருகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள், அதுவே காரைத் தூங்கவிடாது. முக்கால் மணி நேரம் கழித்து, 0.1 மில்லி வோல்ட் வரை காட்டும் மீட்டரின் முனைகளை ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் வையுங்கள். பூஜ்யம் என்றால் அடுத்ததற்குப் போங்கள். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸின் தடை சுமார் 7.5 மில்லி ஓம். அதனால் 1 மில்லி வோல்ட் என்பது ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர். 20 ஆம்பியர் ஃப்யூஸில் அதே 1 மில்லி வோல்ட் 300 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும். மாட்டியது எந்த லைன் என்று தெரிந்த பிறகு, அந்த லைனின் கனெக்டர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினால் போதும்.

வெளியில் போட்ட ஸ்டீரியோ இருந்தால் அதன் லைனை முதலில் பாருங்கள். எப்போதும் சப்ளை வரும் மஞ்சள் வயரோடு சாவிக்குக் கட்டுப்பட வேண்டிய சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், செட் இரவெல்லாம் விழித்திருக்கும். நேரடி சப்ளை கொடுத்த டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் இரண்டும் அடுத்த சந்தேகம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 60 ஆம்பியருக்கு மேற்பட்ட பெரிய ஃப்யூஸ்களில் தடை மிகக் குறைவு, சிறிய கசிவு மீட்டரில் தெரியாது. அரை மணிக்கு ஒரு முறை விழித்துத் தூங்கும் யூனிட்டையும் இதில் தவறவிடலாம். அங்கே கிளாம்ப் மீட்டர்தான் சரி: பூஜ்யத்தில் நிறுத்தி, நெகட்டிவ் கேபிளில் மாட்டி, அதிகபட்ச அளவைப் பதியவிடலாம். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது. 0.1 ஆம்பியருக்குக் கீழே காட்டாத டிசி கிளாம்பும் வீண்செலவு.

எலெக்ட்ரிக் கார்களில் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. பலவற்றில் பெரிய பேட்டரியே 12 வோல்ட் பேட்டரியை அவ்வப்போது ஏற்றிவிடும்.

எல்லா ஃப்யூஸும் பூஜ்யம் காட்டியும் கசிவு தொடர்ந்தால் ஆல்டர்நேட்டர் (கார் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர்) டயோடைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த கேபிள் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை ஆல்டர்நேட்டரிலிருந்து பிரித்து, முனையில் இன்சுலேஷன் சுற்றி, நெகட்டிவை மாட்டிக் கார் தூங்கியதும் திரும்ப அளங்கள். கசிவு நின்றுவிட்டால் அந்த டயோடுகள் அடங்கிய ரெக்டிஃபையரை மாற்ற வேண்டியதுதான்.